கிரீஸும் எண்ணெயும்

எங்கள் வீட்டில் என்னைவிட மூத்தவர்கள் ஐவர். அப்பாரு, ஆத்தா, அப்பா, அம்மா ஆகிய நால்வரும் வீட்டுக்குள் இருக்கிறார்கள். ஐந்தாமவர் வாசலை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் நிற்கிறார். 1970ஆம் ஆண்டில் பிறந்தவர். என் தந்தைக்கு மூன்று வயது மூத்தவர். பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

"அதெல்லாம் ஒரு காராடா? காயலான் கடைக்காரன்கூட யோசித்துத்தான் எடுப்பான்" என்று நம் வகுப்பு நண்பர்கள் என்னைக் கேலி செய்ததுண்டு. அவர்களுக்கு மறுமொழி சொல்வதற்காக நான் இக்கட்டுரையை எழுதவில்லை. அந்தக் காருக்கு நான் செய்த தவறு ஒன்றை ஒப்புக்கொள்வதற்காகவே எழுதுகிறேன்.

முதலில் அதன் குலம் கோத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்தது டிரையம்ப் ஹெரால்டு. அதன் உருவத்தை வரைந்தவர் ஜியோவான்னி மிக்கெலாட்டி என்னும் இத்தாலியர். 1961 முதல் அதே வண்டி சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாராயிற்று. பின்னாளில் நம் நாட்டுக் குடும்பங்களுக்கென்றே நான்கு கதவுகள் வைத்தும் செய்தார்கள். எங்களுடையது அந்த நான்கு கதவு வண்டி. அதன் எஞ்சின் வெறும் 948 சி.சி. தான். எனவே இதைப் பந்தயக் கார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் 1962இல் டிரையம்ப் நிறுவனம் வெளியிட்ட ஸ்பிட்ஃபயர் என்னும் அழகிய ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி அதன்மேல் கட்டப்பட்டதே. முன்சக்கரங்களைத் தாங்கும் அமைப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். ஆகவே எங்கள் கொட்டகையில் நிற்பது ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் உடன்பிறப்பு என்று நான் பெருமை பேசிக்கொள்வேன். உடன்பிறப்பின் அழகு வராவிட்டாலும் அதன் நோய்கள் வரும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அப்பாரு நாமக்கல்லில் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். 1987இல் ஒருவர் கொடுக்கவேண்டிய கூலிப் பாக்கிக்கு ஈடாக இந்தக் காரைத் தள்ளிவிட்டுப் போனாராம். ஓடாத வண்டியை மாட்டு வண்டியில் கட்டி இழுத்து வந்த கதையை ஆத்தா இன்றும் சிரிப்போடு சொல்லுவார். அன்று முதல் அப்பாரு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். எந்த நாளில் எந்தப் பாகம் பழுதானது, எதனால் ஆனது, எப்படிச் சரி செய்தார் என்பதெல்லாம் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடிக்கும்: "எஞ்சின் சூடாக இருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கை வெந்தது. என் தப்பு."

நான்கு ஆண்டுகளாக அப்பாருவுக்குக் கை நடுக்கம். ஸ்பேனரைப் பிடிப்பார்; திருகை அது கவ்வாது. "இனிமேல் உன் கைதான் கண்ணு எனக்கு" என்றார் ஒரு நாள். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு இன்னொரு கல்லூரி தொடங்கியது.

இந்த வண்டியில் ஒரு வசதி உண்டு. பானெட்டைத் திறந்தால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பாகம் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்துகொள்ளும். எஞ்சினும் முன்சக்கரங்களும் திறந்த வெளியில் நிற்கும். டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஒரு டயரில் ஆசிரியர், எதிர் டயரில் மாணவன். இதுவே எங்கள் வகுப்பறை.

வண்டி கிளம்பவில்லை என்றால் அப்பாரு மூன்று கேள்விகள்தாம் கேட்பார். "நெருப்பு இருக்குதா? பெட்ரோல் வருதா? காத்துப் போகுதா?" இந்த வரிசை மாறக்கூடாது. முதலில் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் இரும்பில் சாய்த்து வைப்போம். ஆத்தா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். நீலப் பொறி 'டிக் டிக்' என்று தெறித்தால் நலம். மஞ்சளாக மெலிந்து வந்தால் டிஸ்டிரிப்யூட்டர் மூடியைத் திறக்கவேண்டியதுதான். உள்ளே பாயிண்ட் என்னும் இரு சிறு உலோக முனைகள் இருக்கின்றன. அவை விலகும்போது இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இருக்கவேண்டும். கூடினாலும் குறைந்தாலும் வண்டி முரண்டு பிடிக்கும்.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இங்கேதான் கண் திறந்தது. முனைகள் விலகியதும் காயிலின் முதன்மைச் சுற்றில் மின்னோட்டம் நிற்கிறது. காந்தப்புலம் சட்டென்று சரிகிறது. துணைச் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் பிறக்கிறது. பாயிண்டுக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் அளவுள்ள கண்டன்சர், அதாவது நம் பாடத்தில் வரும் மின்தேக்கி, முனைகளில் தீப்பொறி பறந்து அவை கருகாமல் காக்கிறது. ஃபாரடேயின் தூண்டல் விதியை இரண்டு ஆண்டு மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு ஞாயிறு அன்று அது என் முழங்கை வரை ஏறிய பிறகே புரிந்தது. "பாடம் ஏறிச்சா?" என்று கேட்டுவிட்டு அப்பாரு வெற்றிலையை மடித்தார்.

பெட்ரோலைப் பற்றியும் சொல்லவேண்டும். 2000ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் நின்றுபோயிற்று. பழைய எஞ்சின்களின் வால்வுகள் உட்காரும் இடத்துக்கு அந்த ஈயமே மெத்தையாக இருந்தது. அது போனபின் வால்வு மெல்ல மெல்ல உள்ளே அமிழ, டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். அதை அடிக்கடி அளந்து பார்க்கவேண்டும். இப்போது வரும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாய்க்கு இது ஒத்துக்கொள்வதில்லை. சென்ற ஆண்டு எங்கள் பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் கறுப்புத் துணுக்குகள் மிதந்தன. குழாயை வெட்டிப் பார்த்தால் உட்புறம் நனைந்த ரொட்டி போல் ஊறிப் போயிருந்தது. எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களை மாற்றினோம். பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர்த் தோலையும் மாற்றினோம்.

இவ்வளவு கற்றவன் எங்கே தவறினான் என்று கேட்பீர்கள்.

ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றையும் ஓர் இரும்புத் தண்டு தாங்குகிறது. அதன் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, டிரனியன் என்னும் பித்தளை நிறக் கிண்ணம் ஒன்றுக்குள் திருகி நிற்கும். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தக் கிண்ணத்துக்குள் திருகாணி போலச் சுழன்று, இம்மியளவு ஏறி இறங்கும். வண்டியின் முன்பாரம் அந்த மரையைச் சார்ந்தது. அதற்குக் கெட்டியான கியர் எண்ணெய்தான் ஊற்றவேண்டும். கிரீஸ் உதவாது. கிரீஸ் அடி மரை வரை இறங்காமல் மேலேயே கெட்டிப்பட்டுப் போகும். உள்ளே நீர் புகுந்து, துரு ஏறி, மரை தேயும். ஒரு நாள் தண்டு முறிந்தால் சக்கரம் பக்கவாட்டில் மடிந்துவிடும். ஸ்பிட்ஃபயருக்கும் இதே நோய்தான்.

எங்கள் ஊர் லாரிகளுக்குப் பேர்போன ஊர். எங்கள் தெருவிலேயே லாரிப் பட்டறை இருக்கிறது. அங்கே 'நிப்பிளைக் கண்டால் கிரீஸ் அடி' என்பதே வேதம். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த சோம்பலில், எண்ணெய் ஊற்றும் வேலையை நான் அப்படியே முடித்துவிட்டேன். பட்டறையில் கிரீஸ் கன்னை இரவல் வாங்கி வந்து இரண்டு பக்கமும் அழுத்தினேன். ஐந்தே நிமிடம். அதன்பின் நோட்டில் தேதி போடப் போனபோதுதான் அந்த வரியைக் கண்டேன். இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தது: "இங்கே எண்ணெய் மட்டும். கிரீஸ் ஆகாது."

அப்போதே சொல்லியிருக்கலாம். கழற்றித் துடைக்க ஒரு பகல் போதும். நான் சொல்லவில்லை. 'எண்ணெய் ஊற்றியாயிற்று' என்று பென்சிலால் எழுதி நோட்டை மூடினேன். அடுத்த மூன்று முறையும் அப்படியே எழுதினேன். பத்து மாதம் கடந்தது. ஸ்டீயரிங் சற்றே கனத்தது. "டயரில் காத்துக் கம்மியோ?" என்றார் அப்பா. "இருக்கும்ப்பா" என்றேன்.

ஆடிப்பெருக்கு வந்தது. கொல்லிமலை அறப்பளீசுவரரைத் தரிசிக்கவேண்டும் என்பது ஆத்தாவின் நெடுநாள் ஆசை. பேருந்தில் மலையேறினால் அவருக்குத் தலை சுற்றும். "நம்ம வண்டியிலேயே போலாம்" என்று அப்பாரு சொல்லிவிட்டார். அப்பா விடுப்புப் போட்டார். ஆத்தா கச்சாயம் சுட்டு அடுக்கினார். முதல் நாள் மாலை அப்பாரு தம் டயரில் உட்கார்ந்து, "நாலு மூலையும் பார்த்தாச்சா கண்ணு?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க அப்பாரு."

இரவு தூக்கம் வரவில்லை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மலை உச்சிக்குக் கொண்டை ஊசி வளைவுகள் 70. போக 70, வர 70. ஒவ்வொரு வளைவிலும் அந்த மரை முழுவதுமாகச் சுழலும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின் இருக்கையில் ஆத்தா, கச்சாயத் தூக்கோடு. மூன்றாம் சாமத்தில் எழுந்துபோய் அப்பாருவின் கட்டிலருகே நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அவரே கண் விழித்து, "என்ன கண்ணு?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. அடிக்கவும் இல்லை. எழுந்து அப்பாவை எழுப்பி, "காலையில போகலை, உம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிரு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "லைட்டை எடுத்துக்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான்.

விடியும்போது இடப்பக்கத்துத் தண்டு வெளியே வந்தது. மேல் மரைகளில் கிரீஸ், காய்ந்த களிம்பு போல ஒட்டியிருந்தது. கீழ் மரைகளில் எண்ணெய்ப் பசையே இல்லை. செம்மண் பூசியது போல் துரு. துடைத்த இடத்தில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். அப்பாரு அதைக் கையில் வாங்கினார். நடுங்கும் விரலால் ஒவ்வொரு மரையாகத் தடவினார். "இது மலை ஏறியிருக்கும். இறங்கியிருக்குமான்னு எனக்குத் தெரியலை" என்றார்.

ஆத்தா அதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பிறகு உள்ளே போய்க் கச்சாயத் தூக்கை எடுத்து வந்து என் முன்னால் வைத்து, "தின்னுட்டுச் செய்" என்றார். அன்று வாங்கியிருக்கக்கூடிய எந்த அடியும் எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பல ஆண்டுகளுக்கு முன் காயலான் கடையில் எடைக்கு வாங்கிய இன்னொரு ஹெரால்டின் பாகங்கள் பரண்மேல் சாக்கில் கிடந்தன. இந்தத் தண்டுகளில் ஒரு பக்கத்துக்கு வலமரை, மறுபக்கத்துக்கு இடமரை. மாற்றிப் போட முடியாது. சாக்கில் இருந்ததைத் தடவிப் பார்த்தே, "இது நம்ம பக்கத்ததுதான்" என்றார் அப்பாரு. மண்ணெண்ணெயில் கழுவி, விரிசல் உண்டா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, மாட்டி, மேலே கசியும் வரை எண்ணெய் ஏற்றினோம். வலப்பக்கத்தையும் கழற்றினோம், அது தப்பியிருந்தது. கழுவி, எண்ணெய் ஏற்றி, அதையும் மாட்டினோம்.

ஆவணி மாதத்து ஞாயிறு ஒன்றில் மலையேறினோம். பாதி மலையில் பெட்ரோல் பம்பு சூடேறி, உள்ளே ஆவி அடைத்துக்கொண்டு வண்டி நின்றது. ஈரத் துணியைப் பம்பின்மேல் சுற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தோம். குரங்குகள் வேடிக்கை பார்த்தன. இறங்கும்போது அப்பாரு அப்பாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்: "ரெண்டாவது கியர்லயே வா. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுக்கோ. வளைவுக்குள்ள போனப்புறம் சட்டுனு காலை எடுக்காதே." காலை எடுத்தால் பின்பாகம் தூக்கி, பின்சக்கரங்கள் உள்நோக்கி மடங்கப் பார்க்கும். அது ஹெரால்டின் பிறவிக் குணம். குணம் அறிந்து ஓட்டினால் அது நம்மைக் கைவிடுவதில்லை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் வண்டியாதலால், கொண்டை ஊசி வளைவுகளை ஒரே ஒடிப்பில் கடந்தோம். ஆத்தாவுக்குத் தலை சுற்றவே இல்லை.

வீடு திரும்பியதும் அப்பாரு நோட்டை என்னிடம் நீட்டினார்.

"எழுதி வை."

"என்னத்தங்க அப்பாரு?"

"நடந்ததை. அடுத்து வர்றவன் பார்க்கோணுமல்ல?"

பொய்யாக எழுதிய நான்கு வரிகளையும் அடித்தேன். அவற்றின் கீழே எழுதினேன்: "டிரனியனில் கிரீஸ் அடித்தேன். பத்து மாதம் மறைத்தேன். இடப்பக்கத் தண்டு கெட்டது. என் தப்பு."

அப்பாரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். "தேதி போடலையே" என்றார். போட்டேன்.