குட்டி யானையும் ஒரு ஆயில் ஃபில்டரும்

போன ஞாயித்துக்கிழமை காலையில மச்சான் வண்டிக்கு ஆயில் மாத்தினோம். தரையில ஒரு சொட்டு சிந்தலை. பழைய ஃபில்டர் ரெண்டே திருகுல சமர்த்தா கழண்டு வந்துச்சு. மொத்தம் 40 நிமிஷம். காபி கொண்டு வந்த தங்கமணி வேலை முடிஞ்சிருக்கறதைப் பார்த்துட்டு, "என்னங்க, இன்னிக்கு யாருக்கும் ரத்தம் வரலையா?"ன்னு கேட்டாங்க.

அந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு பெரிய வரலாறு இருக்கு மக்களே. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

மச்சானுக்கு முடிச்சூர்ல தண்ணி கேன் வியாபாரம். அதே 20 லிட்டர் கேன்தான். முடிச்சூர், பெருங்களத்தூர், மேற்கு தாம்பரம்னு நூறு வீட்டுக்குப் பக்கமா வாடிக்கை. ஆரம்பத்துல டிவிஎஸ் எக்ஸெல்ல ரெண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கிட்டு போயிட்டிருந்தவன், 2018ல ஒரு செகண்ட் ஹேண்ட் டாடா ஏஸ் வாங்கினான். நம்ம ஊர்ப் பாஷையில குட்டி யானை. 2005ல இந்த வண்டி வந்தப்போ, இண்டிகா காரோட 4 சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியா வெட்டின மாதிரி 2 சிலிண்டர், 702 சிசி இன்ஜின் வெச்சு விட்டாங்க. அந்தப் பழைய மாடல்தான் மச்சானோடது. ரெண்டே சிலிண்டர்ங்கறதால நிக்கும்போது ஒரு நடுக்கம் இருக்கும். வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தா மச்சான் வந்துட்டான்னு அர்த்தம் :-)

இந்த வண்டியில இன்ஜின் சீட்டுக்குக் கீழே இருக்கு. சீட்டைத் தூக்கினா தலைப்பக்கம் தெரியும். ஆனா ஆயிலை வடிக்கணும், ஃபில்டர் மாத்தணும்னா எனக்குத் தோதுப்பட்டது கீழே மல்லாந்து படுத்துக் கையை விடறதுதான். அங்கேதான் என் சோகக் கதை ஆரம்பம்.

அதுக்கு முன்னாடி ஃபில்டர் என்னதான் பண்ணுதுன்னு ரெண்டு வரி. பார்க்கறதுக்கு ஒரு சின்ன தகர டப்பா. அடிப்பக்கம் சுத்திலும் சின்னச் சின்ன ஓட்டை, நடுவுல மரை போட்ட பெரிய ஓட்டை. சுத்தியிருக்கற ஓட்டை வழியா ஆயில் உள்ளே போய், விசிறி மடிப்பு மடிச்ச பேப்பர்ல வடிகட்டி, நடு ஓட்டை வழியா இன்ஜினுக்குத் திரும்பும். டீசல் இன்ஜின்ல புகைக்கரி நிறைய சேரும்கறதால புது ஆயில் ஊத்தின கொஞ்ச நேரத்துலயே கறுத்துடும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பதற வேண்டியது, நாம மாத்தாம விட்டு பேப்பர் அடைச்சுக்கிட்டா. அப்போ உள்ளே ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலை அப்படியே இன்ஜினுக்கு அனுப்பும். ஆயிலே இல்லாம ஓடறதுக்கு அழுக்கு ஆயில் தேவலைன்னு ஒரு கணக்கு. வண்டி ஓடும், உள்ளே பேரிங் தேய்ஞ்சுக்கிட்டே இருக்கும். நமக்குத் தெரியாது.

சரி, கதைக்கு வருவோம். மெக்கானிக் ஷெட்டுல விட்டா அரை நாள் போயிடுது, அன்னிக்கு சாயங்கால லைன் போட முடியலன்னு மச்சான் புலம்பினான். நான்தான் மெக்கானிக்கல் டிப்ளமா படிச்ச மேதாவியாச்சே. (இப்போ பார்க்கறது கம்ப்யூட்டர் முன்னாடி ஆணி புடுங்கற வேலை, அது வேற.) "இதுக்கெல்லாம் ஷெட்டா? நாமளே மாத்தலாம் வாடா மாப்ளே"ன்னு புதுப்பேட்டை போய் ஒரு செயின் ரெஞ்ச் வாங்கிட்டு வந்தேன். சொ.செ.சூ!

முதல் தடவை பிரச்சினையே இல்லை. பழசைக் கழட்டி, புதுசை மாட்டி, லீக் ஆகக் கூடாதேன்னு அதே செயின் ரெஞ்சைப் போட்டு என் பலத்தையெல்லாம் காட்டி ஒரு இறுக்கு இறுக்கினேன். மச்சான் கண்ணுல மரியாதை தெரிஞ்சுது. ஹி ஹி.

சில மாசம் கழிச்சு, ரெண்டாவது தடவை. ஃபில்டர் அசையலை. சூட்டுல ரப்பர் ரிங் இன்ஜினோட ஒட்டிப் போச்சு, அதுக்கு மேல என் வீரம் வேற. செயின் ரெஞ்ச் போட்டுத் திருப்பினா டப்பா நசுங்குது, கழல மாட்டேங்குது. அப்புறம் எல்லாரும் சொல்ற வித்தை: ஸ்க்ரூ டிரைவரை டப்பாவுல குறுக்கே அடிச்சு இறக்கி அதைப் பிடிச்சுத் திருப்பறது. திருப்பினேன். தகரம் அப்பளம் மாதிரி கிழிஞ்சுது. கறுப்பு ஆயில் கை வழியா இறங்கி அக்குள் வரைக்கும் வந்துச்சு. கிழிஞ்ச தகரத்துல கட்டை விரல் வேற கிழிஞ்சுது. காலையில 9 மணிக்குப் படுத்தவன், உளியை வெச்சு ஓரத்துல தட்டித் தட்டிக் கழட்டி எழுந்திருக்கும்போது சாயங்காலம் 4 மணி. அவ்வ்வ்...

வந்த எரிச்சல்ல புது ஃபில்டரை மாட்டினேன், ஆயிலை ஊத்தினேன், ஸ்டார்ட் பண்ணினேன். ஒண்ணும் ஒழுகலை. குளிச்சுட்டுப் படுத்துட்டேன்.

திங்கள்கிழமை காலையில 62 கேன் ஏத்திக்கிட்டுக் கிளம்பின மச்சான், பெருங்களத்தூர்கிட்ட ஜிஎஸ்டி ரோட்டுல இருந்து போன் பண்ணினான். ஆயில் விளக்கு சிவப்பா எரியுது, வண்டிக்குப் பின்னாடி ரோட்டுல கறுப்பா ஒரு கோடு. நல்லவேளை, உடனே இன்ஜினை அணைச்சுட்டான்.

என்ன ஆச்சுன்னா, பழைய ஃபில்டரைக் கிழிச்சு எடுத்தப்போ அதோட ரப்பர் ரிங் மட்டும் இன்ஜின்லயே ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு. அது மேலேயே புது ஃபில்டரோட ரிங்கை உட்கார வெச்சு இறுக்கியிருக்கேன். ரப்பர் மேல ரப்பர். சும்மா நிக்கும்போது தாங்கும். ரோட்டுல போகும்போது பிரஷர் ஏறினா பிதுங்கிடும். இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தா இன்ஜின் காலி.

நான் ஆபீஸுக்கு லீவ் போட்டுட்டு ஓடினேன். மச்சான் ஒரு லோடு ஆட்டோ பிடிச்சு, கேனை மாத்தி ஏத்திக்கிட்டிருந்தான். அன்னிக்கு வருமானம் மொத்தமும் ஆட்டோ வாடகைக்கே போச்சு. என்னைத் திட்டுவான்னு நெனைச்சேன். திட்டலை. "உங்களுக்கு ஒண்ணாந்தேதி ஆனா சம்பளம் வந்துடும் மாமா. எனக்கு இந்த வண்டி நகர்ந்தாத்தான்"னு மட்டும் சொன்னான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

எங்க தெருவுல ஒரு பெரியவர் இருக்கார். பஸ் டெப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவர். ராத்திரி அவர்கிட்ட போய் நின்னேன். முழுசும் கேட்டுட்டு, "தம்பி, கழட்டறது கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்றியே, போன தடவை மாட்டினது யாரு?"ன்னு கேட்டார்.

நான்தான்!

"அப்போ யார் மேல கோவப்படறே? ஃபில்டர் கையால இறுக்கற சாமான். ரெஞ்ச் கழட்டறதுக்கு மட்டும்தான்" அப்படின்னார். அதோட விடாம அடுத்த ஞாயிறு அவரே வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். அதுல இருந்து நாங்க பண்ற முறை இது. வீட்டுல குட்டி யானையோ பொலீரோ பிக்கப்போ வெச்சிருக்கறவங்களுக்கு உபயோகப்படும்.

1. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகவே கூடாது. கட்டட வேலையில மிஞ்சின சென்ட்ரிங் பலகையை அடுக்கி ஆணி அடிச்சு, ரெண்டு சாய்வு மேடை பண்ணி வெச்சிருக்கோம். முன் சக்கரம் ரெண்டையும் அதுல ஏத்தி, கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரத்துக்குக் கல் வெச்சுடுவோம். படுத்துக் கையை நீட்ட இடம் கிடைச்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

2. இன்ஜினை 5 நிமிஷம் ஓட்டி அணைக்கணும். ஆயில் வெதுவெதுப்பா இருந்தா சீக்கிரம் வடியும், கையும் வேகாது.

3. விரிசல் விட்ட தண்ணி கேன் மச்சான்கிட்ட எப்பவும் இருக்கும். அதை நீளவாக்குல பாதியா அறுத்தா அருமையான தொட்டி. கடையில கூட இந்த மாதிரி கிடைக்காது.

4. டிரெயின் போல்ட்டுக்கு ஒவ்வொரு தடவையும் புது வாஷர். சில ரூபாய்தான். பழைய வாஷரை வெச்சு ஒழுகுதேன்னு மேல மேல இறுக்கினா சம்ப்போட மரை போயிடும். அப்புறம் செலவு ஆயிரக்கணக்குல.

5. ஃபில்டரைக் கழட்ட, அதோட அடியில கிண்ணம் மாதிரி கவுந்து உட்கார்ற ரெஞ்ச் இருக்கு. அளவு பார்த்து வாங்கணும். டப்பாவை நசுக்காது. அதுவும் இல்லையா, பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுத்திப் பிடிச்சா வழுக்காது. லேசா அசைஞ்சதும் ரெஞ்சை எடுத்துட்டு, கனமான பாலிதீன் கவரை ஃபில்டர் மேல மாட்டி, கவரோட சேர்த்துக் கையால திருகணும். ஃபில்டரும் சிந்தற ஆயிலும் கவருக்குள்ளேயே விழுந்துடும். என் அக்குளைக் காப்பாத்தின வித்தை இது.

6. முக்கியமானது. கழட்டின ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, ரப்பர் ரிங் அதுலயே இருக்கான்னு பார்க்கணும். மச்சான் இப்போ "ரிங் எங்கே மாமா?"ன்னு கேட்டு, கண்ணால பார்த்த அப்புறம்தான் புது ஃபில்டரைக் கையில கொடுப்பான்.

7. புது ரிங்ல விரலால கொஞ்சம் புது ஆயில் தடவணும். உலர்ந்த ரப்பர் மாட்டும்போது முறுக்கிக்கும், அப்புறம் ஒட்டிக்கும். கையால திருகி, ரிங் இன்ஜினைத் தொட்டதும் அதுக்கு மேல முக்கால் சுத்து. அவ்வளவுதான். (ஃபில்டர் டப்பாவுலேயே போட்டிருப்பாங்க, அதைப் பாருங்க.) தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டர் மேலேயே பெயிண்ட் பேனாவால எழுதிடுவோம்.

8. ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணி, விளக்கு அணையுதான்னு பார்த்துட்டு, கீழே டார்ச் அடிச்சு ஃபில்டரைச் சுத்திப் பார்க்கணும். வண்டியை சமதரையில இறக்கி 10 நிமிஷம் கழிச்சு டிப் ஸ்டிக். மேட்டுல நிக்கும்போது பார்த்தா அளவு தப்பாக் காட்டும்.

இதெல்லாம் ஒரு ஞாயித்துக்கிழமை சமாச்சாரம்னுதான் நெனைச்சிட்டிருந்தேன், 2023 டிசம்பர் வரைக்கும்.

மிக்ஜாம் புயல் மழை ஞாபகம் இருக்கும். டிசம்பர் 3, 4. 2015லயே அடையாறு வெள்ளத்தைப் பார்த்த ஊர் முடிச்சூர். மறுபடியும் தெருவுக்குள்ள தண்ணி. வண்டியை மேட்டுல ஏத்தறதுக்குள்ள சீட்டுக்குக் கீழே வரைக்கும் ஏறிடுச்சு. தண்ணி வடிஞ்சதும் மச்சான் சாவியை எடுத்துக்கிட்டுக் கிளம்பினான். பெரியவர் மாடியில இருந்தே கத்தினார்: "சாவியைப் போடாதே!"

அவர் சொன்னது சரி. சிலிண்டர்ல தண்ணி இருக்கும்போது செல்ஃப் அடிச்சா, தண்ணியை அமுக்க முடியாம கனெக்டிங் ராடே வளைஞ்சுடும். முதல்ல ஏர் ஃபில்டரைத் திறந்து பார்த்தோம். நல்லவேளை, உள்ளே ஈரம் இல்லை. கிராங்க் புல்லியில ஸ்பேனர் போட்டுக் கையாலயே ரெண்டு சுத்து சுத்தினோம், எங்கேயும் தட்டலை. அப்புறம் டிரெயின் போல்ட்டைத் திறந்தா, முதல்ல வந்தது கலங்கின தண்ணி. அதுக்குப் பின்னாடிதான் ஆயில். ஸ்டார்ட் பண்ணாததால ரெண்டும் கலக்காம தண்ணி அடியில தங்கியிருக்கு. பண்ணியிருந்தா மோர் மாதிரி கடைஞ்சிருக்கும்.

அந்த நேரத்துல மெக்கானிக் யாரும் கிடைக்கலை, எல்லா ஷெட் வாசல்லயும் வண்டி வரிசை. நாங்க தெருவுலேயே சேத்துல படுத்து மாத்தினோம். ஃபில்டர்? கையாலயே கழண்டுச்சு. புது ஆயில், புது ஃபில்டர் போட்டு, கொஞ்ச நேரம் ஐடில்ல ஓட்டி, மறுபடியும் வடிச்சு, மறுபடியும் புதுசு. கியர் பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் பெரியவர் பார்த்துக்கிட்டார், பிரேக்கையும் சோதிச்சார். சாயங்காலம் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. அதைக் கேட்டுத் தங்கமணி அழுதுட்டாங்க.

மறுநாள் காலையில மச்சான் கேன் ஏத்திக்கிட்டுக் கிளம்பினான். தெருவெல்லாம் வெள்ளம் நின்ன ஊர்ல குடிக்கத் தண்ணி இல்லை. சம்ப்புல சாக்கடை கலந்திருக்கு, கரண்ட் இல்லாததால மோட்டாரும் இல்லை. நானும் கூடப் போய் மாடிப்படி ஏறி ஏறிக் கேன் இறக்கினேன். வயசான ஒரு அம்மா கேனை வாங்கி வெச்சுட்டு, "இந்தத் தெருவுக்கு உன் வண்டிதாம்பா முதல்ல வந்துது"ன்னு மச்சான்கிட்ட சொன்னாங்க. அவன் என்னைப் பார்த்தான். நான் ஷூ லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். போட்டிருந்தது ரப்பர் செருப்பு.

டிஸ்கி: பழைய ஆயிலை மழைநீர் வடிகால்ல ஊத்தாதீங்க ப்ளீஸ். எங்க பக்கம் அது நேரா அடையாறுக்குத்தான் போகுது. சட்டப்படி அது அபாயகரமான கழிவு, அனுமதி வாங்கின மறுசுழற்சி ஆளுங்ககிட்டதான் போகணும். ஆயில் தயாரிக்கறவங்களுக்கே அந்தப் பொறுப்பை 2024 ஏப்ரல்ல இருந்து விதியாக்கியிருக்காங்க. நாங்க கேன்ல சேர்த்து வெச்சு, முறையா எடுக்கற ஒரு சர்வீஸ் சென்டர்ல கொடுத்துடறோம். சென்ட்ரிங் பலகைக்குத் தடவறேன்னு கேட்டு வர்றவங்களுக்குக் கொடுக்கறதில்லை.

அப்புறம், அந்த செயின் ரெஞ்ச் இன்னும் என்கிட்டதான் இருக்கு. தங்கமணி அதைத் தேங்காய் உடைக்க வெச்சிருக்காங்க.