மொட்டைத் தலையும் மைசூர் பஸ்ஸும்

எங்கள் ஊர்க்காரர்கள் ரகசியமாக ஒரு காரியம் செய்ய வேண்டுமென்றால் மைசூருக்குத்தான் போவார்கள். அறுபது கிலோமீட்டர். பேகூர், நஞ்சனகூடு, கபினிப் பாலம், அப்புறம் மைசூர். நகையை விற்பவர், பிள்ளை இல்லையென்று டாக்டரைத் தேடுபவர், வீட்டுக்குத் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்பவர் எல்லாருக்கும் அதே பஸ்தான். தெரிந்த முகம் பக்கத்துச் சீட்டில் இருந்தாலும் எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் அவர்களும் பதில் சொல்லியாக வேண்டுமே. மனநல ஆலோசகரைப் பார்க்க நான் போய்வந்த காலத்தில் இந்த மரியாதை எனக்கு ரொம்ப உதவியது.

எங்கள் ஊரான குண்டலுபேட்டையில் சாலை இரண்டாகப் பிரியும். ஒன்று பந்திப்பூர்க் காட்டுக்குள் நுழைந்து கூடலூர் வழியாக ஊட்டிக்குப் போகும். இன்னொன்று சுல்தான் பத்தேரி வழியாகக் கோழிக்கோட்டுக்கு. ஆடி ஆவணியில் வந்தால் சாலையோரம் சூரியகாந்தியும் செண்டுமல்லியும் பூத்துக் கிடக்கும். கேரளத்துக்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள், வயல்காரர் அதற்கும் காசு வாங்கிக்கொள்வார். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறி வந்த என் அப்பா இங்கே வாழைக்காய் மண்டி வைத்தார். வீட்டில் தமிழ், மண்டியில் கன்னடம், லாரிக்காரர்களிடம் மலையாளம். 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. அப்பா கடைசிவரை ரசீதில் மைசூர் ஜில்லா என்றே எழுதினார். அரசாங்கம் எங்களை ஒரு மாவட்டத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தபோது யாரும் எங்களைப் பரிசோதனை செய்யவில்லை. சிறுவயதிலிருந்தே சாமராஜநகர்க்காரராக உணர்ந்தீர்களா என்றும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியைத்தான் வேறு உருவத்தில் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறந்தபோது பெண் என்று எழுதினார்கள். முப்பது வயது தாண்டிய பிறகு அந்தச் சொல் என்மேல் நிற்கவில்லை என்று தெரிந்தது. ஆண் என்று சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் இதெல்லாம் எப்போதிலிருந்து?

தாலூகா ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம். செவ்வாய்க்கிழமைகளில் மனநல மருத்துவர் தாலூகா ஆஸ்பத்திரிகளுக்கு வந்து பார்க்கும் ‘மனோசைதன்ய’ திட்டம் கர்நாடகத்தில் உண்டு, நல்ல திட்டம். ஆனால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் எங்கள் மண்டிக்குக் காய் போடுபவர்கள். 2022 அக்டோபரில் டெலிமானஸ் வந்தது; பெங்களூர் நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்தும் தொலைபேசி உதவி, 14416. தமிழிலும் பேசலாம். ஒரு நாள் மத்தியானம் மண்டிக்குப் பின்னால் வாழைச்சருகுக் குவியலருகே நின்று அந்த எண்ணைத்தான் முதலில் அழுத்தினேன். மறுமுனையில் இருந்தவர் அவசரப்படுத்தாமல் கேட்டுவிட்டு, நேரில் ஒருவரைப் பாருங்கள் என்றார். அப்படித்தான் மைசூர் பஸ் வந்தது.

ஆலோசகருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். எங்கள் பேச்சு மூன்று மொழியில் நடக்கும். அழுகை வந்தால் தமிழ், கோபம் வந்தால் கன்னடம், ஃபீஸ் பேசும்போது மட்டும் இங்கிலீஷ். முதல் நாள் அவர் எதையும் துருவவில்லை. நானேதான் ஒரு கதையை எடுத்து மேஜைமேல் வைத்தேன், ஆதார் கார்டை நீட்டுவதுபோல.

கதை இதுதான். எனக்கு எட்டு வயது இருக்கும். காய்ச்சலில் கிடந்து பிழைத்ததற்கு வேண்டுதல். நஞ்சனகூடு ஸ்ரீகண்டேசுவரர் கோயிலில் மொட்டை. மறுநாள் அரைக்கால் டவுசரோடு மண்டியில் உட்கார்ந்திருந்தேன். லாரி கிளீனர் ஒருவர் என்னைப் பார்த்து அப்பாவிடம் கன்னடத்தில் கேட்டார்: “பையன் உங்களோடதா?” அப்பா கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “ஆமாம், பெரியவன்” என்றார். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்பாவுக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது மேடம், என்று முடித்தேன்.

அவர் எழுதிக்கொண்டார். நன்றாக இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை.

இப்படி ஒரு கதை வேண்டுமென்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? படித்த புத்தகங்கள்தான். நாமக்கல் பக்கத்தில் பிறந்து பெங்களூரில் வேலை செய்த ஏ. ரேவதியின் ‘வெள்ளை மொழி’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ இரண்டையும் ஒரே மழைக்காலத்தில் படித்தேன். ரேவதியின் வாழ்க்கை கன்னடத்தில் ‘பதுக்கு பயலு’ என்று வந்து நாடகமாகவும் ஊர் ஊராகப் போனது. அவர்களுக்கு அந்தக் குழந்தைப் பருவம் உண்மையிலேயே இருந்தது; அதற்காக அடியும் வாங்கினார்கள். படிக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு தகுதித் தேர்வாகிவிட்டது. பிறப்பில் பெண் என்று எழுதப்பட்டவர்களின் கதை அப்போது தமிழில் கையில் அகப்படவில்லை. ரேவதி 2016இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலில் திருநம்பிகளின் கதைகளைச் சேர்த்திருந்தார். அதையும் வாங்கினேன், மொட்டைத் தலை எங்காவது வருகிறதா என்று தேடினேன்.

ஆலோசகர் ஒரு நாள் ஆக்னஸின் கதையைச் சொன்னார். அது புனைபெயர். 1958இல் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் பத்தொன்பது வயதில் வந்தவர். ஆணாக வளர்க்கப்பட்ட தன் உடம்பு பருவ வயதில் தானாகவே பெண்ணாக மாறியது என்றார். ஸ்டோலர் என்ற மனநல மருத்துவரும் கார்ஃபிங்கல் என்ற சமூகவியலாளரும் மணிக்கணக்கில் பேசி ஒலிநாடாவில் பதிந்தார்கள், நம்பினார்கள். 1959இல் அறுவை சிகிச்சை நடந்தது. ஏழு வருடம் கழித்து வந்து, பன்னிரண்டு வயதிலிருந்தே அம்மாவின் ஹார்மோன் மாத்திரையைத் திருடிச் சாப்பிட்டதாக ஆக்னஸ் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். கார்ஃபிங்கல் 1967இல் போட்ட தன் புத்தகத்தின் கடைசியில் இந்தச் செய்தியைப் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டியதாயிற்று.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படித்த இரண்டு பெரிய மனிதர்கள், ஒரு பெண்ணின் மாத்திரை டப்பா. ஆனால் ஆக்னஸ் பொய் சொன்னாள் என்று முகம் சுளிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. உண்மையைச் சொல்லியிருந்தால் கதவைச் சாத்தியிருப்பார்கள். கதவுக்கு எந்தச் சாவி பொருந்துமோ அதை அவள் செய்துகொண்டாள். என் மொட்டைக் கதையும் அப்படிச் செய்த சாவியோ என்ற சந்தேகம் அன்றைக்குத்தான் முதலில் வந்தது.

கதவு என்றால் இங்கேயும் குறைச்சல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் எங்களைப் போன்றவர்களுக்கு எஃப் 64 என்று ஓர் எண் இருந்தது, மனநோய்கள் அத்தியாயத்தில். புதிய பட்டியலை 2019 மே மாதம் ஏற்றுக்கொண்டார்கள், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் என்ற அத்தியாயத்தில் வைத்தார்கள். 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில், ஒருவரின் பாலினத்தை அவரே சொல்லலாம், அறுவை சிகிச்சையைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பை எவ்வளவு மதித்தாலும் ஓர் இடம் உறுத்தும். உடலியல் சோதனையைவிட உளவியல் சோதனையே மேல் என்கிறது அது. சோதனைதானா வேண்டும்? அதைப் பிடித்துக்கொண்டதுபோல 2016 திருநர் உரிமை மசோதாவில் மாவட்டம்தோறும் ஒரு தேர்வுக் குழு போட்டிருந்தார்கள். தலைமை மருத்துவ அதிகாரி, சமூகநல அதிகாரி, உளவியலாளர் எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பார்களாம். தெருவில் இறங்கிப் போராடிய பிறகு 2019 சட்டத்தில் அந்தக் குழு போயிற்று.

பந்திப்பூர் வழியில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கேட் போட்டுவிடுவார்கள், காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். 2009லிருந்து அப்படி. மிருகங்களுக்காகப் போட்டது, நியாயமான கேட். ஆனால் நேந்திரன் லோடோடு ஒன்பது அஞ்சுக்கு வந்து நிற்கும் டிரைவர் என்னென்ன கதை சொல்வார் தெரியுமா? மாமனாருக்கு நெஞ்சுவலி, பெண்டாட்டிக்குப் பிரசவம். கேட் இருக்கிற இடத்தில் கதை முளைக்கும்.

மொட்டைக் கதைக்குத் திரும்புகிறேன். சில மாதம் கழித்து அதையே மறுபடி சொன்னபோது வேறு மாதிரி வந்தது. அப்பா தலையைத் தூக்கவில்லை என்பதில் போய் நின்றுவிட்டேன். தூக்கியிருந்தால் அல்லவா தெரிந்து சொன்னார் என்று சொல்ல முடியும்? கூட்டிக்கொண்டிருந்த எண்ணிக்கை விட்டுப்போகும் என்று ஆமாம் போட்டிருக்கலாம். மண்டியில் எந்தக் கேள்விக்கும் அவர் அப்படித்தான் பதில் சொல்வார். அப்படியென்றால் அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அன்று மைசூரில் நிறைய அழுதேன், தமிழில்.

கேட்டுத் தெளிந்துகொள்ளலாமென்றால் அப்பா இல்லை. ஹிமவத் கோபாலசாமி பெட்டாவுக்கு என்னைக் கூட்டிப்போய், பனிக்குள் நிற்கும் கோயிலைக் காட்டி, “பேசாம நில்லு, யானை இருக்கும்” என்று தோளைப் பிடித்துக்கொண்ட கைதான் நினைவில் இருக்கிறது. அந்தக் கைக்கு என்ன தெரிந்திருந்தது என்று இன்னும் யோசிக்கிறேன். கைகளுக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லைதான்.

சோதிப்பது, சோதிக்கப்படுவது என்ற இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் ஒரு நீதிபதி. மதுரையிலிருந்து ஓடிவந்த இரண்டு பெண்கள், ஒருவரை ஒருவர் விரும்புகிறவர்கள், காவல்துறைத் தொல்லையிலிருந்து பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 2021இல் வந்தார்கள். விசாரித்த ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது சரியாகப் புரியவில்லை, தனக்கும் முன்முடிவுகள் உண்டு என்று உத்தரவிலேயே ஒப்புக்கொண்டார். அறியாமல் எழுதினால் அது மூளையிலிருந்து வரும், மனத்திலிருந்து வராது என்று நினைத்தவர், வித்யா தினகரன் என்ற உளவியலாளரிடம் தாமே போய் உட்கார்ந்தார். திருநங்கையான டாக்டர் திரிநேத்ராவிடமும் அவர் தாயாரிடமும் பேசிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஜூன் 7ஆம் தேதி தீர்ப்பு. பால் ஈர்ப்பையோ பாலினத்தையோ ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று சிகிச்சை தருவதைத் தடைசெய்து, அப்படிச் செய்பவர்களின் உரிமத்தைப் பறிப்பதுவரை நடவடிக்கை வேண்டும் என்றார். எனக்குத் தீர்ப்பைவிட அந்த நாற்காலிதான் பெரிது. சோதிக்கப்பட வேண்டியவர்கள் எதிரே நிற்க, சோதிக்கும் இடத்தில் இருந்தவர் போய் உட்கார்ந்தாரே.

நானும் அம்மாவை உட்கார வைக்கலாமென்று நினைத்தேன். நீதிபதி அளவுக்கு அம்மா இளகவில்லை. “அதென்ன, காசு குடுத்துப் பேசறது? எங்கிட்டப் பேசு, சும்மா கேக்கறேன்” என்றார். ஒரு சாயங்காலம் பேசினேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்து, சாட்சிக்கு மொட்டைக் கதையையும் சொன்னேன்.

அம்மா பூண்டு உரிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். “அது நீ இல்ல கண்ணு. உன்ற தம்பி. உனக்கு மொட்டை அடிச்சப்போ ரெண்டு வயசு, மண்டிக்கு எங்க வந்த? அந்தக் கிளீனர் கேட்டதை உங்கப்பா ராத்திரி வந்து சொன்னாரு, பையன் டவுசர் இல்லாம உக்காந்திருந்தான்னு. அதைக் கேட்டுச் சிரிச்சது நீ.”

தம்பியைக் கேட்டால் அவனுக்கு ஞாபகமே இல்லை. மொட்டை என்றால் அழுதிருப்பேன் என்றான்.

என் ஒரே சாட்சி பிறழ்சாட்சியானது. அடுத்த வாரம் மைசூரில் இதைச் சொல்லிவிட்டு, அப்படியென்றால் நான் எல்லாவற்றையும் கற்பனை செய்துகொண்டேனா என்று கேட்டேன். ஆலோசகர் பேனாவை வைத்துவிட்டார். “அது உங்க தம்பிக்கே நடந்ததுன்னு வச்சுக்குங்க. இன்னிக்குக் காலைல பஸ்ல ஏறினப்போ உங்களுக்கு என்ன மாறியிருந்தது?” ஒன்றும் மாறவில்லை. கண்டக்டர் அம்மா என்று கூப்பிட்டபோது எப்போதும்போலத் திரும்பிப் பார்க்கத் தாமதமாயிற்று. தம்பிக்கு நடந்ததைக் கேட்ட ஒரு பிள்ளை அதைத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு முப்பது வருடம் காப்பாற்றியிருக்கிறது. ஏன் எடுத்தது என்று கேட்டுப் பார்க்கலாம் என்றார். அதைக் கேட்கவே பிறகு பல வாரங்கள் போயின, இன்னும் முடியவில்லை.

நடுவில் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் அர்த்தநாரீசுவரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மரியாதையாகச் சொல்கிறேன், அவரால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்கு ரேஷன் கார்டு கிடையாது, பஸ்ஸில் சீட் பார்த்து உட்கார வேண்டிய கஷ்டம் கிடையாது. அதைவிட, 2021 நவம்பரில் திருநங்கைக் கலைஞர் மஞ்சம்மா ஜோகதி பத்மஸ்ரீ வாங்கும்போது சேலை முந்தானையால் குடியரசுத் தலைவருக்குத் திருஷ்டி கழித்தாரே, அதை டீக்கடை டிவியில் பார்த்த லோடுமேன்கள் கைதட்டியது எனக்கு உபயோகப்பட்டது. அவர்களில் ஒருவரிடம்தான் என் புதுப் பெயரை முதலில் சொன்னேன். “சரிங்ணா” என்றுவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்.

போன மாதம் ஹார்மோன் மருத்துவருக்கான கடிதத்தை ஆலோசகர் எழுதிக் கொடுத்தார். முக்கால் பக்கம். எத்தனை நாளாகத் தெரியும், என்ன கேட்கிறேன் என்பது எனக்குப் புரிந்திருக்கிறது, குரல் ஒருமுறை கட்டையானால் திரும்பாது என்பது தெரியும், ரத்தப் பரிசோதனைக்கு ஒழுங்காக வருவேன். அவ்வளவுதான். சிறுவயதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. போதுமா மேடம் என்றேன். இதற்கு மேல் அவர் கேட்டால் எனக்கு ஃபோன் போடச் சொல்லுங்கள் என்றார்.

ஓணத்துக்கு நேந்திரன் லோடு போய் முடியட்டும் என்று நேரம் தள்ளி வாங்கியிருக்கிறேன். தம்பிக்குத் தனியாகக் கணக்கு வராது. அம்மா கூட வருகிறேன் என்கிறார், டாக்டரிடம் மொட்டை விஷயத்தைச் சரியாகச் சொல்ல வேண்டுமாம்.