லீவு முடிஞ்சு எத்தனை பேர் வந்தாங்க?

காலைல அஞ்சு மணிக்கு உங்க ஹாஸ்டல்ல என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது. ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டிருக்கும். கரெக்ட்தானே!

நான் தங்கியிருக்கிற இடத்துல அஞ்சு மணிக்கு மணி அடிக்கணும். மணின்னா நிஜ மணி இல்லீங்க... வேப்பமரத்துல தொங்குற ஒரு தண்டவாளத் துண்டு. அடிக்கிற வேலை என்னுது. எழுந்திரிக்கிறது 42 பசங்க. எட்டாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும். திருவண்ணாமலையில இருக்கிற ஒரு கிறிஸ்தவ விடுதி. எங்க பக்கம் 'போர்டிங்'னு சொல்வாங்க. பேரு வேணாம், பசங்க நிம்மதியா இருக்கட்டும். பகல்ல நான் உங்களை மாதிரி காலேஜ் ஸ்டூடண்ட். காலையிலயும் ராத்திரியும் இங்க 'ஸ்டடி அண்ணன்'. சம்பளம் கிடையாது. ரூமும் சாப்பாடும் ஃப்ரீ!

"ஓ... ஊழியமா? எந்நேரமும் பைபிளும் கையுமா இருப்பீங்களோ?"ன்னு கிளாஸ்ல கலாய்ப்பாங்க. நீங்களும் அதைத்தானே நினைச்சீங்க? ஜெபம் காலைல இருபது நிமிஷம், சாயங்காலம் அரை மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் வேற ஊழியம்.

தண்ணித் தொட்டி பக்கத்துல பக்கெட் சண்டையைத் தீர்க்கணும். சிரங்கு வந்தவனுக்கு மருந்து போட்டு, அவன் பாயைத் தனியா வெயில்ல காயவைக்கணும். சமையல்கார அம்மாவுக்குக் காய் நறுக்க நாலு பேரை அனுப்பணும். ஏழுல இருந்து ஒன்பது வரைக்கும் ஸ்டடி. அல்ஜீப்ரா புரியாதவன் தூங்குறானா, தூங்குறதால புரியலையான்னு கண்டுபிடிக்கணும். பத்து மணிக்கு லைட் ஆஃப். பத்தரைக்கு யாராவது ஒருத்தன் போர்வைக்குள்ள அழுவான். அந்த நேரத்துல முழிச்சிருக்கணும் பாருங்க... அதுதான் கஷ்டமான வேலை.

எங்க வார்டன் பாதி நாள் தாலுகா ஆபீஸ்லதான் இருப்பார். ஜவ்வாது மலையில இருந்து வர்ற மலையாளி பழங்குடிப் பசங்களுக்கு சாதிச் சான்றிதழ் வாங்குறதுன்னா லேசுப்பட்ட காரியம் இல்ல. அது இல்லேன்னா ஸ்காலர்ஷிப்பும் இல்ல, காலேஜ்ல கோட்டாவும் இல்ல.

இந்த போர்டிங்குக்கெல்லாம் ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. கார்ல் ஓக்ஸ்னு ஒரு ஜெர்மன் மிஷனரி. சர்ச்சுக்குள்ள சாதி பாக்கிறதை விட்டுக்கொடுத்துப் போகணும்னு சொன்ன தன் சொந்த மிஷனோட முட்டிக்கிட்டு வெளியே வந்தவர். 1860களில் கடலூர் பக்கத்து மேல்பட்டாம்பாக்கத்துல தனியா வேலை ஆரம்பிச்சார். டென்மார்க் மிஷன் அவரைச் சேர்த்துக்கிச்சு. அப்படி வளர்ந்த டேனிஷ் மிஷன்தான் பிறகு திருவண்ணாமலைக்கும் வந்து பள்ளிக்கூடம் நடத்துச்சு. சாப்பாட்டு மணி அடிச்சா எல்லாரும் ஒரே வரிசையில உக்காந்து சாப்பிடுறது இன்னைக்கு நமக்குச் சாதாரணம். அந்த வரிசைக்காக ஒரு காலத்துல சர்ச்சே ரெண்டாச்சுங்க!

சரி, பணம்? இந்த மாதிரி விடுதிகள் நிறைய வெளிநாட்டு ஸ்பான்சர் பணத்துல ஓடினதுதான். ஜெர்மனியில 1959ல 'கிண்டர்நாட்ஹில்ஃபே'ன்னு ஒரு அமைப்பு தொடங்கினாங்க. முதல்ல உதவினதே இந்தியப் பிள்ளைகளுக்குத்தான். ஆனா நிலைமை மாறிடுச்சு. அமெரிக்காவோட 'கம்பேஷன் இன்டர்நேஷனல்' 2017 மார்ச்ல இந்தியாவுல கடையைக் கட்டுச்சு. மதமாற்றத்துக்குப் பணம் போகுதுன்னு அரசு தரப்புல சொன்னாங்க, அவங்க மறுத்தாங்க. யார் சொன்னது சரின்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. சுமார் 1,45,000 பிள்ளைகளுக்கு வந்துக்கிட்டிருந்த உதவி நின்னுபோச்சு. 2020ல சட்டம் இன்னும் இறுகி, ஒரு அமைப்பு வாங்குற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாத்திவிடக் கூடாதுன்னு ஆயிடுச்சு. எங்க அடுப்பு இப்ப எரியறது பழைய மாணவர்கள் அனுப்புற பணத்துலயும், அறுப்பின் பண்டிகை ஏலத்துலயும், சர்ச் அம்மாக்கள் தினமும் எடுத்து வைக்கிற பிடி அரிசியிலயும்தான்.

"அப்ப சோத்தைப் போட்டு மதம் மாத்துறீங்களா?" இதையும் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விதான், பதில் சொல்லித்தான் ஆகணும். அரசு அங்கீகாரமோ உதவியோ வாங்குற கல்வி நிலையத்துல, சம்மதம் இல்லாம யாரையும் வழிபாட்டுல உக்கார வைக்கக் கூடாது. மைனர்னா பெத்தவங்க சம்மதம் வேணும். நம்ம அரசியல் சட்டத்தோட 28வது பிரிவு இது. விடுதிக்கும் அதுதான் நியாயம்னு எங்க வார்டன் நினைக்கிறார். வீட்ல வேணாம்னு சொன்ன பசங்க ஜெப நேரத்துல ஸ்டடி ஹால்ல படிக்கலாம். சோத்துல குறை வைக்க மாட்டாங்க.

பௌர்ணமி அன்னைக்கு எங்க கேட் பக்கம் வந்து பாருங்க. பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் முடிச்சிட்டு, வெறுங்கால்ல, நெத்தி நிறைய விபூதியோட, முறுக்குப் பொட்டலத்தோட அம்மாக்கள் நிப்பாங்க. அண்ணாமலையாரையும் பாத்தாச்சு, புள்ளையையும் பாத்தாச்சு! அந்த முறுக்கு ஜெபம் முடிஞ்சு எல்லார் கைக்கும் ஒவ்வொண்ணா வரும்.

இவ்வளவும் நல்லாத்தான் போகும்... லீவு விடுற வரைக்கும்.

அரையாண்டு லீவு முடிஞ்சு ஜனவரி முதல் வாரம் திறக்கறப்போ வார்டன் அட்டென்டன்ஸ் எடுக்க மாட்டார். கட்டிலுக்குக் கீழ இருக்கிற டிரங்குப் பெட்டிகளைத்தான் பாப்பார். எதுல பூட்டு திறக்காம இருக்குன்னு. இந்த வருஷம் ரெண்டு பெட்டி அப்படியே கிடந்தது. ஒருத்தன் ஒன்பதாவது, ஒருத்தன் பத்தாவது.

எங்க மாவட்டத்துல பள்ளிக்கூடத்தை விட்ட பையன் எங்கே போவான்னு சொல்லத் தேவையில்ல. பெங்களூர்ல கட்டட வேலை, செங்கல் சூளை, சில பேர் ஆந்திரா காட்டுக்கு செம்மரம் வெட்ட. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டுல போலீஸ் சுட்டு 20 பேர் செத்தாங்களே... அதுல திருவண்ணாமலை மாவட்டத்துக்காரங்களும் உண்டு.

மூணாவது நாள் வார்டன் என்னையும் கூட்டிக்கிட்டு போளூர் வழியா ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறினார். பத்தாவது பையன் ஆடு ஓட்டிக்கிட்டிருந்தான். அவங்க அப்பா, "வீட்ல ஆள் இல்ல சார்"னார். வார்டன் பிரசங்கம் பண்ணல. "பரீட்சைக்கு இன்னும் மூணு மாசந்தான். ஒவ்வொரு சனிக்கிழமையும் நானே பஸ் ஏத்தி விடுறேன், வந்து ஆட்டைப் பாத்துக்கட்டும்"னார், அவ்வளவுதான். பையன் எங்ககூடவே பஸ் ஏறினான். பரீட்சையும் எழுதிட்டான்.

ஒன்பதாவது பையன் வரல. அவங்க குடும்பமே சூளையில அட்வான்ஸ் வாங்கிட்டு ஊரை விட்டுப் போயிருந்தாங்க. அவன் பெட்டி இன்னும் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கு. எடுத்து ஸ்டோர் ரூம்ல போடச் சொல்லி நாலு பேர் சொல்லியாச்சு. வார்டன் விடல.

இதெல்லாம் உங்ககிட்ட ஏன் சொல்றேன்னா, உங்க காலேஜ் பக்கத்துலயும் இப்படி ஒரு விடுதி இருக்கும். சர்ச் விடுதியோ, அரசு விடுதியோ. அங்கே பத்தாவது படிக்கிற ஒருத்தனுக்கு இங்கிலீஷும் கணக்கும் தகராறா இருக்கும். வாரத்துல ரெண்டு மணி நேரம் போதும். சும்மா கேட்டைத் திறந்துக்கிட்டு உள்ளே போயிடாதீங்க. வார்டன்கிட்ட ஐடி கார்டைக் காட்டி, முறையா அனுமதி வாங்குங்க. பசங்க பாதுகாப்புக்கு அது ரொம்ப முக்கியம். மாசத்துக்கு ஒருநாள் போய் செல்ஃபி எடுக்கிற வேலையும் வேணாம். அவன் உங்களை எதிர்பார்க்க ஆரம்பிச்சிடுவான், சொன்ன கிழமை தப்பாம போகணும்.

லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரலாமா வேணாமான்னு யோசிக்கறப்போ, "சனிக்கிழமை அண்ணன் வருவாரே"ன்னு ஒரு நினைப்பு வந்தா போதும். என்ன, இந்த சனிக்கிழமை ஃப்ரீயா?