நிற்கச் சொல்லும் கட்டளை

சிவராத்திரி இரவு. ஆலுவாவில் பெரியாற்று மணப்புறம் முழுக்க மனிதத் தலைகள். விடியலில் முன்னோருக்குப் பலியிட வந்தவர்கள் உறங்காமல் காத்திருக்கிறார்கள். நடக்கும் தூரத்தில் ஒரு வாடகை வீட்டிலும் ஒரு தாய் விழித்திருக்கிறார். பல வருடங்களுக்கு முன் பிழைப்புத் தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். கணவர் இறந்த பிறகு ஒரு வருடம்கூட மணப்புறம் போகத் தவறியதில்லை. இந்த முறை போகவில்லை. கூட்டத்திலிருந்து எந்தக் கிருமியையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது.

இருபது வயது மகனுக்கு நிணநீர்ச் சுரப்பிப் புற்றுநோய். கீமோதெரபி ஒரு சுற்று முடிந்து பத்து நாள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் நியூட்ரோஃபில் 300. மணிக்கொரு தரம் தெர்மாமீட்டரைப் பார்க்கிறார். 100.4 டிகிரியைத் தொட்டால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் வெள்ளை அணுக்கள்தான் நியூட்ரோஃபில்கள். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 1,500க்குக் கீழே போனால் குறைவு. 500க்குக் கீழே போனால் ஆபத்து. சீழ் பிடிக்கக்கூட ஆள் இல்லாத உடம்பில் காய்ச்சல் ஒன்றுதான் எச்சரிக்கை. எலும்பு மஜ்ஜை தினமும் ஏறக்குறைய 10,000 கோடி நியூட்ரோஃபில்களைத் தயாரிக்கிறது. ரத்தத்துக்கு வந்தபின் அவற்றின் ஆயுள் குறைவு. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும் கீமோ மருந்து, மஜ்ஜையையும் விட்டுவைப்பதில்லை. உற்பத்தி சில நாள் நின்றாலே இருப்பு கரைந்துவிடுகிறது.

உற்பத்திக்கு உத்தரவிடுவது யார்? ஆஸ்திரேலியாவில் டொனால்ட் மெட்காஃபும் இஸ்ரேலில் லியோ சாக்ஸும் 1960களில் தனித்தனியே இந்தக் கேள்வியைத் துரத்தினார்கள். அந்தத் தேடலில் கிடைத்த வளர்ச்சிக் காரணிகளில் ஒன்று ஜி-சிஎஸ்எஃப் என்ற புரதம். 1986இல் அதன் மனித மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. 1991இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. 2001இல் ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதை இந்தியாவிலேயே தயாரித்து விற்கத் தொடங்கியது. பையனுக்குத் தினமும் போடப்படுவது அந்த வகை ஊசிதான்.

ஊசி மருந்து வெள்ளை அணுவாக மாறுவதில்லை. அது வெறும் சேதி. அதைக் கேட்கும் காது, செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பி. சேதி வந்து ஒட்டியதும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேர்கின்றன. செல்லுக்குள் நீளும் அவற்றின் வால்களில் நொதிகள் விழித்துக்கொள்கின்றன. உத்தரவு உட்கருவை எட்டுகிறது: பிழைத்திரு, பெருகு, முதிர்ந்து ரத்தத்துக்குப் போ.

அதே வாலில்தான் பிரேக்கும் இருக்கிறது. போதாததற்கு, முதிர்ந்த நியூட்ரோஃபில்கள் ஏற்பிகள் வழியாக அந்தப் புரதத்தையே விழுங்கித் தீர்க்கின்றன. அணுக்கள் பெருகினால் சேதி குறையும். அணுக்கள் குறைந்தால் சேதி தங்கும். கணக்குப்பிள்ளை இல்லாமலே கணக்கு நேராகிறது.

பிரேக் அறுந்தால்? பிறவியிலேயே நியூட்ரோஃபில் குறைந்த சிலருக்குப் பின்னாளில் இந்த ஏற்பியின் வால் துண்டாகும் மரபணு மாற்றம் ஏற்படுகிறது. அவர்களுக்கு ரத்தப் புற்றுநோய் வரும் அபாயம் அதிகம். நியூட்ரோஃபில்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ஓர் அரிய ரத்தப் புற்றுநோய்க்கும் இதே ஏற்பியின் கோளாறுதான் பெரும்பாலும் காரணம் என்பது 2013இல் தெரியவந்தது.

விடிகிறது. காய்ச்சல் இல்லை. இடுப்பெலும்பு வலிக்கிறது என்று மகன் முனகுகிறான். மஜ்ஜை வேலை செய்யும்போது அப்படி வலிக்கும் என்று நர்ஸ் சொன்னதைத் தாய் திருப்பிச் சொல்கிறார். பின்பக்கச் சுவரில் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைக்கிறார். இந்த வருடப் பலி அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து எண்ணிக்கை 2,100. ஊசியை நிறுத்திவிடலாம் என்கிறார் டாக்டர். தாய்க்கு மனசில்லை.

"இன்னும் ரெண்டு ஊசி போட்டா இன்னும் ஏறுமே, டாக்டர்?"

"ஏறினது போதும்மா. இனி அதுவா நிக்கணும். அப்பதான் அது ஆரோக்கியம்."