லட்டுவின் காற்று

முனிர்க்காவில் நான் குடியிருக்கும் அறைக்கு ஒரே ஒரு சன்னல். நவம்பரில் தில்லியின் புகைமூட்டம் தொடங்கிவிட்டால் அதையும் திறக்க இயலாது. வெளியே நஞ்சு, உள்ளே நானும், முடிவுறாத என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலும், லட்டுவும்.

லட்டு ஒன்பது வயதுப் பக் இன நாய். ஊரைவிட்டுப் போன அண்டை வீட்டார் 'இரண்டு வாரம் மட்டும்' என்று விட்டுச் சென்றனர்; பதினான்கு மாதங்கள் ஆகிவிட்டன. 2003-இல் ஒரு கைப்பேசி விளம்பரம் நாடெங்கும் புகழ்பெறச் செய்த இனம் அது. சிறுவனைத் தொடர்ந்து நடக்கும் அந்த நாய் இரவில் என்ன செய்யும் என்பதை விளம்பரம் சொல்லவில்லை.

குசு விடும். 'அபானவாயு' என்று எழுதினால் கல்விப்புலத்திற்குப் பொருந்தும்; லட்டுவுக்குப் பொருந்தாது. ஓசை இராது. தன் பின்புறத்தைத் தானே திரும்பி வியப்புடன் பார்க்கும், அவ்வளவே முன்னறிவிப்பு. பிரிவினைக் கால நினைவுக் குறிப்புகளைப் பற்றி இணையவழிக் கருத்தரங்கில் நான் கட்டுரை வாசித்தபோது கண்கள் கலங்கிவிட்டன. அமர்வுத் தலைவர் என் உணர்வு ஈடுபாட்டைப் பாராட்டினார். இதை நண்பர்களிடம் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்பேன்!

சனவரியில் ஒருநாள் லட்டு படுக்க மறுத்தது. வயிறு உப்பி, மூலையில் நின்றுகொண்டே இருந்தது. கால்நடை மருத்துவர் அதன் உணவைப் பற்றிக் கேட்டார்.

"நான் உண்பதையேதான் கொடுக்கிறேன்" என்றேன், சற்றுப் பெருமையாகவே. ராஜ்மா சாதம், ரொட்டி, இரவில் ஒரு கிண்ணம் பால்.

அவர் பொறுமையாக விளக்கினார். தட்டை முகமுடைய நாய்கள் உண்ணும்போது காற்றையும் சேர்த்து விழுங்கும். அதை மாற்ற முடியாது. ஆனால் ராஜ்மாவிலுள்ள சில சர்க்கரைகள் செரிக்காமல் பெருங்குடலை அடைய, அங்குள்ள நுண்ணுயிரிகள் அவற்றைப் புளிக்கவைக்கின்றன. வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பாலும் செரிப்பதில்லை. "இதுகூடப் பரவாயில்லை" என்றவர், "குழம்பில் வெங்காயம் போடுவீர்கள் அல்லவா? அது நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்" என்றார்.

இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை அந்த மர இருக்கையில் அமர்ந்திருந்த நேரத்தை நான் எளிதில் மறக்கமாட்டேன். நல்லவேளை, பெரிய சேதமில்லை.

சாட்சியங்களின் மௌனத்தை வாசிப்பது எப்படி என்பதே என் ஆய்வுப் பொருள். சொல்லில்லாத ஓர் உயிர் ஓராண்டுக்கு மேலாக, நாள் தவறாமல், மூக்கின் அருகிலேயே வந்து சாட்சி சொல்லியிருக்கிறது. நான் அதை நகைச்சுவையாக மட்டுமே பதிவுசெய்து வைத்திருந்தேன்.

இப்போது வெந்த கோழி, சாதம், சிறிது பூசணி. காற்று குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை. நேற்றிரவும் லட்டு திரும்பிப் பார்த்தது. நான் எழுந்து ஓடவில்லை. மாலையில் அது என்ன தின்றது என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டு, புகையைப் பொருட்படுத்தாமல் சன்னலைச் சற்றே திறந்தேன்.