மின்காரும் பெருக்கல் வாய்பாடும்

2022இல் எரிபொருளுக்காக நெடுவரிசையில் நின்ற நாள்களை நம் பழைய மாணவர் எவரும் மறந்திரார். அதன்பின் மின்காரை நாடுவோர், ‘மின்னேற்ற எத்துணை நேரம்? எத்துணைச் செலவு?’ என வினவுகின்றனர். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு நாள்தோறும் பணிக்குச் செல்லும் பழைய மாணவரொருவரும் நம்மை அவ்வாறே வினவினார். தமிழாசிரியராயினும் நாமும் வாய்பாடு கற்றவரே!

மருதமுனை, களுவாஞ்சிக்குடி, காத்தான்குடி வழியே போய்மீளச் சுமார் 80 கிலோமீற்றர். ஓரலகு மின்னுக்கு 6 கிலோமீற்றர் ஓடுமெனின் 13 அலகு வேண்டும். ஏற்றும்போது வெப்பமாய்க் கழிவதையும் சேர்த்து 15 எனக் கொள்வோம். வீட்டுப் பிளக்கில் 230 வோல்ற்றை 10 அம்பியரால் பெருக்கின் 2,300 வாற்று. அஃதாவது மணிக்கு 2.3 அலகு. ஆகவே ஆறரை மணி நேரம், ஓரிரவு போதும்.

செலவிலேதான் இடறல் உண்டு. மின்பட்டியலின் மொத்தத் தொகையை அலகுகளால் வகுத்து, அச்சராசரி விலையைக் கொண்டு நண்பர் கணக்கிட்டிருந்தார். மாதம் 20 நாள் ஓடின் காருக்கு 300 அலகு. வீட்டுக்கு 90 அலகு முன்னரே செலவாயின், காரின் மின் அதன்மேல் ஏறும். 180ஐக் கடந்த 210 அலகுக்கும் மிக உயர்ந்த படியின் விலையே கொடுத்தல் வேண்டும். ஆசிரியச் சம்பளத்தில் வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

நேரவாரிக் கட்டணம் பெற்றோர்க்கோ இரவு 10.30 முதல் காலை 5.30 வரை விலை குறைவு. நம் ஆறரை மணியும் அதனுள் அடங்கும். ஆயின் மாலை 6.30 முதல் 10.30 வரை விலை மிகுதியாதலின், அடுக்களையும் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

காரின் விலையை வினவுமுன் மின்பட்டியலின் கடைசிப் படியை நோக்குக. நண்பர் இன்னும் கார் வாங்கிலர்; மின்சார சபைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கின்றார்.