நேரமின்மை என்று குறித்தேன்

நான் மெட்ரிகுலேஷன் வரை படித்தவன். நாகபுரியில் ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா. கல்லூரி ஆராய்ச்சியைப் பற்றி எழுத இவனுக்கு என்ன தகுதி என்று அன்பர்கள் கேட்கலாம். அப்படிப்பட்ட ஓர் ஆராய்ச்சிக்கு நானே ஒரு சான்றானேன் என்பதுதான் தகுதி.

ஆறு ஆண்டுகளுக்கு முன், எப்படியாவது ஒரு பட்டம் பெற வேண்டுமென்ற ஆசையால், தொலைநிலைக் கல்வியில் ஆயத்தப் படிப்பொன்றில் சேர்ந்தேன். சில மாதங்களில் நிறுத்திவிட்டேன். எங்கள் குடியிருப்பில் அடுத்த வீட்டுப் பெண் கல்வியியல் ஆராய்ச்சி மாணவி. வேலைக்குச் செல்வோர் மேற்படிப்பை ஏன் இடையில் கைவிடுகின்றனர் என்பதே அவள் எடுத்துக்கொண்ட பொருள். அவள் கொடுத்த வினாத்தாளில் காரணங்கள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. ‘நேரமின்மை’ என்பதற்கு எதிரே குறியிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

மறுநாள் வெற்றுத்தாளுடன் வந்தாள். “மாமா, காரணம் வேண்டாம். அந்தப் படிப்பில் உங்களால் மறக்க முடியாத ஒரு நாளை எழுதுங்கள். யார் இருந்தார்கள், என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், அதுபோதும்” என்றாள்.

“கதையை வைத்தா அம்மா ஆராய்ச்சி செய்வார்கள்?” என்றேன்.

அவள் விளக்கினாள். 1941இல் அமெரிக்க இராணுவ விமானப் பயிற்சியிலிருந்து நீக்கப்பட்ட ஆயிரம் பேரைப் பற்றிய அறிக்கைகளை ஆராய்ந்தார்களாம். விமானம் ஓட்டும் இயல்பு இல்லாதவன் என்பது போன்ற பொதுச் சொற்களே பலவற்றில் இருந்தன. அவற்றைக்கொண்டு எதைத் திருத்துவது? ஆகவே, நேரில் நிகழ்ந்த சம்பவங்களைத் திரட்டி வகைப்படுத்தும் முறையை வளர்த்தனர். ஜான் ஃபிளானகன் என்ற உளவியல் அறிஞர் 1954இல் அம்முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். பின்னர் அது கல்வித் துறைக்கும் பரவியது.

எனக்கு இது விளங்கிற்று. பார்சல் உடைந்து வந்தால் ‘வழியில் சேதம்’ என்று எழுதினால் போதாது. எந்த வண்டி, எந்த நிலையம், இறக்கும்போது எப்படி இருந்தது என்று மேலதிகாரி கேட்பார்.

இரண்டு இரவுகள் உட்கார்ந்து எழுதினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரவு வேலை முடிந்து நேரே வகுப்புக்குச் சென்றேன். ஓர் ஐயம் கேட்டேன். ஆசிரியர் என் உத்தியோகத்தை விசாரித்துவிட்டு, “பார்சலுக்கு ரசீது எழுத இவ்வளவு படிப்பு எதற்கு?” என்று இந்தியில் சொன்னார். வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதன்பின் போகவில்லை. வேலை நேரம் மாறிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். ஆறு ஆண்டுகளாக அதையே நானும் நம்பி வந்திருக்கிறேன்.

அந்தப் பெண் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “வகுப்பே என்றால் எத்தனை பேர், மாமா?”

கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். முன்வரிசையில் மூவர். மற்றவர்கள் தலைகுனிந்திருந்தனர். பக்கத்திலிருந்த முதியவர் தம் குறிப்பேட்டை என் பக்கம் நகர்த்தி வைத்தார். இத்தனை காலம் அந்தக் குறிப்பேடு என் நினைவிலேயே இல்லை!

ஒருவன் நினைவு எதையும் நிலைநாட்டிவிடாது, அதில் பிழையும் கலந்திருக்கும், பலருடைய சம்பவங்களை ஒப்பிட்ட பிறகே முடிவு சொல்ல முடியும் என்கிறாள் அவள். பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டுத்தான் எடுத்துச் சென்றாள். அவள் ஆராய்ச்சிக்கு நான் எவ்வளவு பயன்பட்டேனோ அறியேன். எனக்கு அது பயன்பட்டது.

நம் குடும்பங்களிலும் படிப்பை நிறுத்திய பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் ஏன் நிறுத்தினாய் என்று கேட்டால் குறி போட்ட விடைதான் கிடைக்கும். என்றைக்கு, என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

நான் எழுதிய தாளை என் மனைவியிடமும் காட்டினேன். படித்து முடித்து நெடுநேரம் பேசாமலிருந்தாள். பிறகு, “விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எப்போது?” என்றாள்.